வெங்காயக் கொட்டகையில் கிடந்த ஜீப்: மீட்டு விற்ற நெல்லைத் தமிழர்

(நமது பகுதிநேர நிருபர்)

மும்பை கோவண்டியில் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய பட்டறை. வாசலில் இரண்டு ஆட்டோ ரிக்ஷா, ஒரு பால் வண்டி. இவற்றுக்குப் பின்னால் பத்து மாதம் ஒரு பழைய ஜீப் நின்றது. வந்தபோது அது பாதி மண், பாதி துரு. போனபோது தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

அந்த ஜீப்பைப் பழுது பார்த்து விற்றவர் ஒரு தமிழர். நாங்குநேரி பக்கத்து ஊர். 1979-ல், 14 வயதில், கையில் ஒரு மஞ்சள் பையோடு தாதர் ஸ்டேஷனில் இறங்கியவர். கேரேஜில் ஸ்பேனர் துடைக்கும் பையனாக ஆரம்பித்து, இன்று சொந்தப் பட்டறை. "பெயர் போட வேண்டாம் தம்பி, கடன் கொடுத்தவன் எல்லாம் பேப்பரும் கையுமா வந்து நிப்பான்" என்று சொல்லிவிட்டார். ஆகவே அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் ரெயில்வே குட்ஸ் ஆபீசில் கிளார்க். வேகன் நம்பரையும் ரசீது நம்பரையும் ஒத்துப் பார்ப்பது என் பிழைப்பு. இந்த ஜீப் விஷயத்தில் நான் நுழைந்ததும் ஒரு நம்பரால்தான்.

லாசல்காவ் பயணம்

நாசிக் மாவட்டம் லாசல்காவ். ஆசியாவிலேயே பெரிய வெங்காய மார்க்கெட் என்று பெயர் வாங்கிய ஊர். அங்கே விவசாயிகள் வெங்காயத்தைக் காற்றோட்டமான நீளக் கொட்டகையில் போட்டு வைப்பார்கள். "காந்தா சாள்" என்று பெயர். அப்படி ஒரு கொட்டகையின் கோடியில் ஒரு ஜீப் கிடப்பதாக லாரி டிரைவர் ஒருவர் சொன்னார். 2022-ல் அண்ணாச்சி போய்ப் பார்த்தார்.

1966-ல் பதிவான வண்டி. மகிந்திரா கம்பெனியின் சி.ஜே.3பி ரகம். உரிமையாளர் 2003-ல் காலமாகிவிட்டார். அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பானட் மேல் கோழி முட்டை இட்டிருந்தது. ஆனால் பானட் நெளியவில்லை. முன்பக்கக் கம்பிச் சட்டம், மடக்கும் கண்ணாடிச் சட்டம், டிரெய்லர் மாட்டும் கொக்கி எல்லாம் அசல்.

கிழவியிடம் விலை பேசினார். ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். கையில் இருந்த சீட்டுப் பணம் போதவில்லை. மனைவியின் நான்கு வளையல்களை அடகு வைத்து, ரூ.80 ஆயிரம் முன்பணமாகக் கொடுத்து, லாரியில் ஏற்றிக் கொண்டு வந்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பழைய வண்டி வாங்க வரும் எவரிடமும் "முதல்ல நம்பரப் பாருங்க" என்று சொல்கிறவர் அண்ணாச்சி. அவரே பார்க்கவில்லை. "வண்டி கெடந்த அழகப் பாத்ததும் புத்தி போயிட்டு தம்பி" என்றார். நாற்பது வருஷ அனுபவம் உள்ளவருக்கும் இப்படி ஒரு நாள் வரும் போலிருக்கிறது.

விவசாயிக்குப் பிறந்த வண்டி

ஜீப் என்றால் நமக்குப் போலீசும் தாசில்தாரும்தான் நினைவுக்கு வருவார்கள். உண்மையில் யுத்தத்துக்குப் பிறகு ஜீப்பை விவசாயிக்காகவே விற்றார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு வில்லிஸ் கம்பெனியும் போர்டு கம்பெனியும் லட்சக்கணக்கில் ஜீப் செய்து கொடுத்தன. யுத்தம் முடிந்தால் யார் வாங்குவார்கள்? 1945-ல் வில்லிஸ் கம்பெனி "சி.ஜே.2ஏ" என்று பொதுமக்களுக்கான ஜீப்பை வெளியிட்டது. ஏர் இழுக்கும், மூட்டை சுமக்கும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கோவிலுக்குக் கூட்டிப் போகும், நின்ற இடத்தில் பெல்ட் மாட்டினால் ரம்பமும் கதிரடிக்கும் மிஷினும் ஓட்டும் என்று விளம்பரம் செய்தார்கள். என்ஜின் சக்தியை வெளியே எடுத்து வேறு மிஷினை ஓட்டுவதற்குத் தனி சாதனமே விற்றார்கள்.

இந்தியாவில் மகிந்திரா கம்பெனி 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பை உதிரி பாகங்களாக வரவழைத்து, பம்பாய் மஜ்காவில் பூட்டி விற்க ஆரம்பித்தது. 1945-ல் லூதியானாவில் தொடங்கியபோது அந்தக் கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்டு முகமது. கூட்டாளி குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் போய், நிதி மந்திரியாகி, கவர்னர் ஜெனரலும் ஆனார். அவர் பாகிஸ்தான் போன பிறகுதான் இப்போதுள்ள பெயர் வந்தது.

சி.ஜே.3பி அமெரிக்காவில் 1953-ல் வந்தது, 1968-ல் நின்றது. இங்கே அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது. பானட் மற்ற ஜீப்புகளைவிட உயரமாக இருக்கும். காரணம் உள்ளே இருக்கும் "ஹரிகேன்" என்ஜின். 4 சிலிண்டர், சுமார் 2,200 சி.சி., பெட்ரோல். பழைய என்ஜினில் இரண்டு வகை வால்வும் பிளாக்கில் இருந்தன. இதில் காற்றை உள்ளே விடும் வால்வைத் தலையில் வைத்து, புகையை வெளியே விடும் வால்வைப் பிளாக்கிலேயே விட்டுவிட்டார்கள். அதனால் என்ஜின் உயர்ந்தது; பானட்டும் உயர்ந்தது.

நம்பர் சேரவில்லை

பட்டறையில் பானட்டைத் திறந்ததும் அண்ணாச்சி தலையில் கை வைத்துவிட்டார். உள்ளே இருந்தது ஒரு டீசல் என்ஜின்!

1984-ல் பெட்ரோல் செலவு தாங்காமல் பழைய உரிமையாளர் மாற்றியிருக்கிறார். அந்தக் காலத்தில் இது சாதாரணம். எத்தனையோ பெட்ரோல் ஜீப்புகள் டீசலாக மாறின. முறைப்படி ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இவர் ஏற்றவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல், வண்டியில் டீசல். புத்தகத்தில் ஒரு என்ஜின் நம்பர். வண்டியில் வேறு நம்பர். சேஸிஸ் நம்பர் மட்டும் சரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் புத்தகத்தைத் தூக்கிக் கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "நீங்க ஆபீசுல நம்பர் பாக்கவரு. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவு ஆகி 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டிகளை "வின்டேஜ்" என்று பதிவு செய்யலாம். கட்டணம் ரூ.20 ஆயிரம். பத்து ஆண்டு செல்லும். மறுபடி புதுப்பிக்க ரூ.5 ஆயிரம். ஏற்கனவே நம்பர் உள்ள வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக் கொள்ளலாம். ஆனால் நிபந்தனை: சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது.

ஆக, அசல் என்ஜின் இருந்தால் இது வின்டேஜ். இல்லாவிட்டால் காகிதத்துக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லாத இரும்பு. விலையில் பாதி அந்த இடத்திலேயே போய்விடும். வளையல் அடகுக் கடையில் இருந்தது.

புரோக்கர் வந்தார்

விஷயம் எப்படித்தான் பரவுமோ, மூன்றாம் நாள் ஒரு புரோக்கர் பட்டறைக்கு வந்தார். "இதுக்குப் போய் கவலையா? புத்தகத்துல உள்ள நம்பரைத் தேடிப் பிடிச்ச பழைய பிளாக்குல குத்தித் தர்றேன். பதினஞ்சாயிரம். கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டார்" என்றார்.

அண்ணாச்சி உடனே துரத்திவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தார். சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். அடித்த நம்பரைப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிட்டால் திருட்டு வண்டி என்று கேஸ் வரும். வாங்கியவனும் மாட்டுவான், விற்றவனும் மாட்டுவான், பட்டறையைப் பூட்டுவார்கள். இதை நான் சொன்னேன். அதைவிட அவர் தங்கை மகன் சொன்னதுதான் எடுபட்டது. அவன் பட்டறையில் கூட வேலை செய்பவன். "மாமா, நீங்க நம்பர் குத்தினா நாளைக்கு நானும் குத்துவேன்" என்றான். அண்ணாச்சி அவனை "ஏல, வாயப் பொத்து" என்று அதட்டினார். மறுநாள் புரோக்கருக்கு போன் போட்டு வர வேண்டாம் என்றார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் லாசல்காவுக்கு ரெயில் ஏறினோம். கசாரா மலை ஏறும்போது அவர் பேசவே இல்லை. இகத்புரியில் டீ வாங்கிக் கொடுத்தேன். அதையும் ஆற விட்டுவிட்டார்.

தண்ணீர் டிரம்மின் அடியில்

வீட்டில் மருமகள்தான் இருந்தாள். பழைய என்ஜினா? எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள் என்றாள். அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது கிழவி தோட்டத்திலிருந்து வந்தாள். அந்த ஊரில் பாட்டியை "ஆஜி" என்பார்கள். நாற்பது வருஷ பம்பாய் மராத்தியில் அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். ஆஜி ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறம் கூட்டிக் கொண்டு போனாள். அங்கே ஒரு தண்ணீர் டிரம் இருந்தது. ஒரு பக்கம் செங்கல். மறுபக்கம் சாக்கு சுற்றிய ஏதோ ஒரு கனம்.

சாக்கைப் பிரித்தால் என்ஜின் பிளாக்!

தலை இல்லை, கார்புரேட்டர் இல்லை. சிலிண்டருக்குள் மண். ஆனால் பிளாக் முழுசாக இருந்தது. வீட்டுக்காரர் ஆசையாக வாங்கியது என்று இரும்புக்காரனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தாளாம்.

இந்த ரக என்ஜினில் நம்பர், பிளாக்கின் முன்புறம், தண்ணீர் பம்ப் அருகே குத்தியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் எழுத்து அழிந்துவிடும். அண்ணாச்சி மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்தார். சாக்பீஸைத் தடவி, மேலே காகிதம் வைத்து, பென்சிலால் தேய்த்தார். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. நான் புத்தகத்தை வைத்து ஒத்துப் பார்த்தேன். வேகன் நம்பரை இதுவரை இத்தனை பயத்தோடு படித்ததில்லை. கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று சந்தேகம் வந்தது. இன்னொரு காகிதம் வைத்துத் தேய்த்தோம். 8. புத்தகத்திலும் 8.

அண்ணாச்சி ஆஜியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பாக்கி ரூ.40 ஆயிரத்தில் ரூ.25 ஆயிரத்தை அங்கேயே கொடுத்தார். டிரம்முக்கு நானும் அவரும் செங்கல் அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

ஊறப் போட்ட என்ஜின்

பிளாக் வந்தது. பிஸ்டன்கள் இறுகிப் போயிருந்தன. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊற வைத்தார். தினமும் காலையில் கட்டையை வைத்து ஒரு தட்டு. அதற்கு மேல் தட்ட மாட்டார். பத்தாம் நாள் ஒரு பிஸ்டன் நூல் அளவு நகர்ந்தது. மற்ற மூன்றும் அடுத்த நாளே நகர்ந்தன. சிலிண்டர் சுவரில் துருக்குழி இருந்ததால் லைனர் இறக்கி போர் செய்ய வேண்டியதாயிற்று. கிராங்க் ஷாப்டைக் கடைசல் பிடித்தார்கள். தலையும் சோலக்ஸ் கார்புரேட்டரும் குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் கிடைத்தன. மொத்தம் ரூ.58 ஆயிரம் என்ஜினுக்கே போயிற்று.

பாடியில் பெரிய வேலை தரைத் தகடு. உர மூட்டை ஏற்றிய வண்டியில் தரை சீக்கிரம் இற்றுப் போகும். உப்பு இரும்பைத் தின்னும். பழைய தகட்டை வெட்டி எடுத்து, அதே பள்ளம் மேடு வருகிற மாதிரி புதுத் தகட்டைத் தட்டி எடுத்தார் டிங்கர். கூடியவரை பழைய தகட்டையே காப்பாற்றச் சொன்னார் அண்ணாச்சி. புது பாடி கடையில் ரெடியாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் ஒரு வாரத்தில் வேலை முடியும். ஆனால் வின்டேஜ் போய்விடும்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. சேறும் தண்ணீரும் அதன் மேல்தான் அடிக்கும். அதையும் நான்கு சக்கரத்து சிலிண்டர்களையும் மாற்றினார். முன் சக்கரம் ஒரு வேகத்துக்கு மேல் உதறும் வியாதி ஜீப்புக்கு உண்டு. கிங் பின் பேரிங்கில் ஷிம் வைத்து அதைச் சரி செய்வது ஒரு கலை. மூன்று முறை கழற்றிப் பூட்டினார்.

நிறம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. மேலே வெள்ளை. சுரண்டினால் சிவப்பு. டிரைவர் சீட்டைத் தூக்கி, அடியில் பெட்ரோல் டாங்கி உட்காரும் பள்ளத்தில் பார்த்தபோது பச்சை கலந்த சாம்பல் நிறம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அந்தத் துணுக்கை வைத்து பெயிண்ட் கடையில் கலந்தார்கள்.

என்ஜின் முதல் முறை கிளம்பிய ராத்திரி நான் அங்கே இல்லை. மணி பதினொன்றுக்கு போனில் சத்தத்தைக் கேட்க வைத்தார். எனக்கு இரைச்சல்தான் கேட்டது. அவருக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு கிராக்கி

விற்கும் நேரம் வந்தது. முதலில் வந்தவர் ஒரு காண்டிராக்டரின் மகன். ரூ.5 லட்சத்து 50 ஆயிரம், ரொக்கம். ஆனால் அகல டயர் வேண்டும், பழைய டீசல் என்ஜினையே மறுபடி வைக்க வேண்டும், கண்ணாடிச் சட்டத்தைத் தாழ்த்தி வெட்ட வேண்டும் என்றார். அரியானாவில் மண்டி டப்வாலி என்ற ஊர் இந்த மாதிரி ஜீப்புகளுக்குப் பெயர் போனது. அதே அலங்காரம் வேண்டுமாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னால் சிரித்தார்.

இரண்டாவது ஆள் புனா பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர். பழைய வண்டிகள் சேர்ப்பவர். ரூ.4 லட்சத்து 75 ஆயிரம். வண்டி இப்படியே வேண்டும், காகிதம் முழுசாக முடிந்த பிறகுதான் பாக்கிப் பணம், வின்டேஜ் கட்டணம் என்னுடையது என்றார்.

அடகு வட்டி ஓடிக் கொண்டிருந்தது. முதல் ஆளுக்குக் கொடுத்திருந்தால் ரூ.75 ஆயிரம் அதிகம், அன்றே கையில் பணம். அண்ணாச்சி இரண்டாவது ஆளுக்குக் கொடுத்தார். "அந்த என்ஜினை மறுபடி கழட்டணும்னா எனக்குக் கை வராது" என்பது அவர் சொன்ன காரணம். கூட இருந்தவர்கள் பைத்தியம் என்றார்கள். நானும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்தேன்.

காகித வேலை

இதை நம்மவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

உரிமையாளர் இறந்துவிட்டால் வண்டியை யாரும் நேராக விற்க முடியாது. 31-ம் நம்பர் படிவம் கொடுத்து, இறப்புச் சான்றிதழ் வைத்து, முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். ஆஜி பெயருக்கு அப்படித்தான் மாற்றினோம். பிறகு 29, 30-ம் நம்பர் படிவங்களில் வாங்குபவர் பெயருக்கு மாற்றினோம். வின்டேஜ் பதிவுக்கு விண்ணப்பம் 20-ம் நம்பர் படிவம். வின்டேஜ் ஆன பிறகு மறுபடி விற்றால் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக் கொண்டு, பெயர் மாற்றாமலே வண்டி கை மாறுவது நம் பக்கம் வழக்கம். அந்த வண்டி யார் மேலாவது மோதினால், புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. விற்றுவிட்டோம் என்று சொன்னால் எடுபடாது.

இன்னொன்று. வின்டேஜ் வண்டியில் தினசரி மார்க்கெட்டுக்குப் போக முடியாது. கண்காட்சி, ஊர்வலப் பந்தயம், தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுத்துப் போக இவற்றுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம். தினமும் ஓட்ட வேண்டியவர் வின்டேஜ் கேட்கக் கூடாது. தகுதிச் சோதனை முடித்து, சாதாரணப் பதிவை ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்துக் கொள்வதுதான் வழி. தோட்டக்காரருக்கு இதை எழுதிக் காட்டியே கையெழுத்து வாங்கினோம்.

விதிப்படி 60 நாளில் வின்டேஜ் சான்றிதழ் தர வேண்டும். நாங்கள் போன ஆபீசில் அதைவிட அதிகமாயிற்று. ஒரு தடவை வண்டியைப் பார்க்கும் அதிகாரி விடுமுறை. ஒரு தடவை கம்ப்யூட்டரில் மூன்று எழுத்துப் பழைய நம்பர் ஏறவில்லை. நானும் கவுண்டரின் உள்பக்கம் உட்காருகிறவன்தான். வெளிப்பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது.

கணக்கு

வண்டி விலை ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். லாரி வாடகை இரண்டு தடவை ரூ.14 ஆயிரம். தகடு, டிங்கர் ரூ.36 ஆயிரம். பெயிண்ட் ரூ.22 ஆயிரம். என்ஜின் ரூ.58 ஆயிரம். பிரேக், ஸ்டீயரிங், ஸ்பிரிங் புஷ் ரூ.24 ஆயிரம். ஐந்து டயர், டியூப் ரூ.27 ஆயிரம். சீட், ஹூட், ஒயரிங், பேட்டரி ரூ.21 ஆயிரம். அடகு வட்டி ரூ.10 ஆயிரம். ஆக மொத்தம் ரூ.3 லட்சத்து 32 ஆயிரம். எங்கள் ரெயில் டிக்கெட்டும் டீயும் சேரவில்லை.

விற்றது ரூ.4 லட்சத்து 75 ஆயிரம். மிச்சம் ரூ.1 லட்சத்து 43 ஆயிரம். பத்து மாதம், இரண்டு ஆள் வேலை. பிரித்துப் பார்த்தால் தலைக்கு மாதம் ரூ.7,150. நான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் அண்ணாச்சி சிறிது நேரம் பேப்பரையே பார்த்தார். "வாட்ச்மேன் வேலைக்குப் போயிருக்கலாம்ங்கீயளா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பத்து மாதமும் சோறு போட்டது வாசலில் நின்ற ஆட்டோ ரிக்ஷாக்கள்தான். ஆட்டோ வேலையை விட்டுவிட்டு ஜீப்பையே நம்பி இறங்க நினைக்கும் இளைஞர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வளையல்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. ஆஜிக்கு மீதி ரூ.15 ஆயிரத்தையும் கொடுத்து, தண்ணீருக்கு ஒரு சிமெண்டுத் தொட்டியும் வாங்கி இறக்கிவிட்டு வந்தார் அண்ணாச்சி. அது ரூ.3 ஆயிரம். அதையும் கணக்கில் சேர்க்க விடவில்லை.

ஜீப்பைத் தோட்டக்காரர் லாரியில் ஏற்றிக் கொண்டு போனார். 1984-ல் உள்ளே புகுந்த டீசல் என்ஜின் மட்டும் பட்டறை மூலையில் கிடக்கிறது. தங்கை மகன் அதன் மேல் பலகை போட்டு டீ டம்ளர் வைக்கிறான். கிணற்றுக்கு பம்ப் ஓட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணாச்சி. விலை ரூ.22 ஆயிரம். பேசினால் குறைப்பார்.